கேட்டருகே நின்ற கஸ்தூரிபா

கஸ்தூரிபாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் உம்மும்மா முகத்தைச் சுளித்தார். எழுதுவதற்கு நம்மில் பெண்களே இல்லையா என்று கேட்டார். அன்னை கதீஜா (ரழி) அவர்களைப் பற்றியும் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களைப் பற்றியும் இந்த மலரில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு சகோதரி எழுதத்தான் செய்கிறார் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மைக் காரணத்தை அப்போது சொல்லவில்லை. அதற்கு எங்கள் வீட்டுக்கு வந்து போகும் ஓர் அக்காவின் கதையைச் சொல்ல வேண்டும்.

கினிகத்தேனையில் வருடத்தில் பாதி நாள் மழை. அந்த அக்கா மேல் தோட்டத்து லயத்தில் இருக்கிறார். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் உம்மாவுக்கு உதவியாக வருவார். சில நாட்கள் கன்னம் வீங்கியிருக்கும். கையில் நீலம் பாரித்திருக்கும். படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வார். இந்த மழையில் யார்தான் வழுக்கி விழவில்லை? நாங்களும் நம்பியதுபோல் தலையாட்டுவோம். ஆனால் அது எந்தப் படி என்று எல்லோருக்கும் தெரியும். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்களுக்கும் தெரியும். குடித்தால் அவன் அப்படித்தான், குடிக்காவிட்டால் தங்கமான மனிதன் என்பார்கள். அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று முடித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொள்வார்கள். புருஷன் பெண்சாதி விடயத்தில் நாம் தலையிடக் கூடாது என்று என் உம்மாவும் சொன்னதுண்டு.

அந்த நாட்களில்தான் காந்தியடிகளின் சுயசரிதையை வாசித்தேன். அதில் ஒரு பக்கம் என்னைத் தூங்க விடவில்லை. ஒரு கணவன் தன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போகிறான். அந்தக் கணவன் உலகமே அகிம்சையின் உருவமாகக் கொண்டாடும் மனிதர். அந்த மனைவிதான் கஸ்தூரிபா.

கஸ்தூரிபா 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி, இந்தியாவின் மேற்குக் கரையில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். தந்தை கோகுல்தாஸ் கபாடியா வசதியான வணிகர். அந்தக் காலத்து வழக்கப்படி கஸ்தூரிபாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பெற்றோர் பார்த்து நிச்சயித்தபடி, 13 வயதில், தன் வயதையே ஒத்த மோகன்தாஸ் காந்திக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். செலவு மிச்சமாகட்டும் என்று காந்தியின் அண்ணன் ஒருவருக்கும் உறவுப் பையன் ஒருவருக்கும் சேர்த்து, ஒரே நேரத்தில் மூன்று திருமணங்களை முடித்துவிட்டார்கள். அந்த வயதில் நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள், தோழிகளே.

திருமணமான புதிதிலேயே கணவனின் அதிகாரம் தொடங்கிவிட்டது. தன்னிடம் அனுமதி பெறாமல் மனைவி வெளியே போகக் கூடாது என்று அந்தச் சிறுவன் சட்டம் போட்டான். சந்தேகமும் கூடவே வந்தது. கஸ்தூரிபா அதற்கு அடங்கவில்லை. கோயிலுக்குப் போக நினைத்தால் போனார். தோழிகளைப் பார்க்க நினைத்தால் பார்த்தார். தடுக்கத் தடுக்க இன்னும் அதிகமாகப் போனார். இருவரும் பேசிக்கொள்ளாமல் பல நாட்கள் கழிந்தன. சந்தேகம் முற்றிய ஒரு வேளையில் காந்தி அவரைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிட்டார். இவை எல்லாவற்றையும் பிற்காலத்தில் காந்தியே வெட்கத்தோடு எழுதி வைத்திருக்கிறார். கணவன் சந்தேகப்பட்டால் ஒரு மனைவிக்குப் போக்கிடமே இல்லை என்பதையும் அவர் அங்கே ஒப்புக்கொள்கிறார்.

முதற் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே இறந்துபோனது. 1888இல் மகன் ஹரிலால் பிறந்தார். அதே ஆண்டு காந்தி சட்டம் படிக்க இலண்டன் சென்றார். மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, 1893இல் மீண்டும் தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறினார். இளமைக் காலத்தின் பெரும்பகுதியில் கஸ்தூரிபா கைக்குழந்தைகளோடு புகுந்த வீட்டில் காத்திருந்தார். கடைசியில் 1897ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் கணவனோடு டர்பனில் கரையிறங்கினார். மொழி தெரியாத ஊர். தாய் தந்தையர் கடலுக்கு அப்பால்.

அந்தச் சம்பவம் நடந்தது 1898இல். காந்தியின் அலுவலகத்தில் வேலை செய்த எழுதுவினைஞர்கள் சிலர் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். அறைகளில் கழிவுநீர் போக வழியில்லாததால் இரவில் சிறுநீருக்குப் பாத்திரம் வைப்பார்கள். வேலைக்காரரிடம் விடாமல் காந்தியும் மனைவியுமே அவற்றைச் சுத்தம் செய்வார்கள். புதிதாக வந்த ஒருவர், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பெற்றோருக்கு மகனான கிறிஸ்தவர். அவருடைய பாத்திரத்தைத் தூக்க கஸ்தூரிபாவுக்கு மனம் ஒப்பவில்லை. கணவன் தூக்குவதையும் பொறுக்க முடியவில்லை. அழுது சிவந்த கண்களோடு, பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி படியிறங்கி வந்தார்.

காந்திக்கு அது போதவில்லை. அவர் அந்த வேலையை முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தார். தன் வீட்டில் இந்தக் கூத்துக்கு இடமில்லை என்று கத்தினார். அப்படியானால் உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் போகிறேன் என்று கஸ்தூரிபாவும் திருப்பிச் சொன்னார். உடனே காந்தி அவர் கையைப் பற்றி, கேட்டு வரை இழுத்துக்கொண்டு போய், அவரை வெளியே தள்ளுவதற்காகக் கேட்டைத் திறக்கத் தொடங்கினார்.

அந்த இடத்தில் கஸ்தூரிபா என்ன செய்தார்? கண்ணீர் வழிய வழியக் கேள்விகளைக் கேட்டார். உங்களுக்கு வெட்கமில்லையா என்று கேட்டார். நான் எங்கே போவேன், எனக்கு இங்கே பெற்றோரோ உறவினரோ இருக்கிறார்களா என்று கேட்டார். மனைவி என்பதற்காக உங்கள் அடியையும் உதையையும் நான் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்டார். யாராவது பார்க்கும் முன் கேட்டைச் சாத்துங்கள் என்றார். காந்தி வெளியே விறைப்பாக நின்றாலும், உள்ளே வெட்கிப்போய்க் கேட்டைச் சாத்தினார்.

இந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு மூன்று விடயங்கள் உறைத்தன.

முதலாவது, அந்தச் சண்டையில் கொள்கை காந்தியின் பக்கமே இருந்தது. பிறப்பைக் காரணம் காட்டி ஒருவரை அருவருப்பது பெரும் பிழை. அந்த இடத்தில் கஸ்தூரிபா தவறித்தான் போனார். நம் ஊரிலும் அடிக்காக முதலில் சொல்லப்படும் நியாயம் அதுதானே? சோறு ஆக்கவில்லை, சொல்லாமல் போனாள், எதிர்த்துப் பேசினாள், ஆகவே அடி வாங்கினாள் என்கிறோம். அவள் செய்தது பிழையா சரியா என்று விசாரிக்க உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் சரியான கொள்கைக்காகக்கூட மனைவி மேல் கை வைக்க உரிமை கிடையாது என்றுதான் காந்தி பிற்காலத்தில் எழுதி வைத்த அந்த வெட்கம் சொல்கிறது. கஸ்தூரிபா பின்னர் மாறினார் என்பதும் உண்மை. ஆச்சிரமத்தில் ஒடுக்கப்பட்ட குடும்பம் ஒன்றைச் சேர்த்தபோது முதலில் முரண்பட்டாலும், காலப்போக்கில் அவர்களின் மகள் லக்ஷ்மிக்கு அவரே தாயாக இருந்தார். அந்த மாற்றம் இழுத்த கையால் வந்ததல்ல.

இரண்டாவது, எங்கே போவேன் என்ற கேள்வி. அடிக்கும் கணவனோடு அவள் ஏன் இன்னும் இருக்கிறாள் என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். அந்த அக்காவுக்கு இருப்பது ஒரு லயத்து அறை. தாய்வீடு என்றால் அதுவும் ஒரு லயத்து அறைதான், அங்கே அண்ணன் குடும்பம் இருக்கிறது. போனாலும் இரண்டாம் நாளே சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடல் கடந்து டர்பனில் நின்ற கஸ்தூரிபாவுக்கும், இரண்டு மலை தாண்டினால் தாய்வீடு உள்ள இந்த அக்காவுக்கும் ஒரே நிலைமைதான்.

மூன்றாவது, வெட்கம். யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் டர்பனில் கேட்டைச் சாத்த வைத்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள். பத்து அறைகள் கொண்ட லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது யாருக்குக் கேட்காது? ஆனால் மறுநாள் காலையில் தலைகுனிந்து நடப்பவர் அடித்தவரல்ல. அடி வாங்கியவர்தான் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு மலைக்குப் போகிறார். தோட்டத்து மக்களை மட்டும் நான் சொல்லவில்லை. பசாரில் இருக்கும் நம் வீடுகளிலும் இதே கதைதான். சுவர் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கஸ்தூரிபாவின் கதைக்குத் திரும்புவோம். 1901இல் குடும்பம் இந்தியா திரும்பப் புறப்பட்டபோது, டர்பன் இந்தியர்கள் பரிசுகளைக் குவித்தார்கள். கஸ்தூரிபாவுக்கு ஒரு தங்க மாலையும் கிடைத்தது. எல்லாவற்றையும் பொதுப்பணிக்கே கொடுத்துவிட வேண்டும் என்றார் காந்தி. எனக்குத் தந்த மாலையின் மேல் உங்களுக்கு என்ன உரிமை என்று கஸ்தூரிபா வாதிட்டார். உங்கள் சேவைக்குப் பின்னால் இரவு பகலாக என் உழைப்பும் இருக்கிறதே, அது சேவையில்லையா என்றும் கேட்டார். கடைசியில் காந்தியின் சொல்தான் நிறைவேறியது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அன்று சரியான பதில் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது எங்கள் நெஞ்சுக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி. 1913 மார்ச் 14ஆம் திகதி, கேப் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஸேர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கணவனிடம் வந்து சேர அனுமதி கேட்ட மர்யம் பாய் என்ற முஸ்லிம் பெண்ணின் வழக்கு அது. இஸ்லாமிய முறைப்படி நடந்த அவருடைய நிக்காஹ், பல தாரங்களுக்கு இடமளிக்கும் மார்க்கத்தின்படி நடந்ததால் அந்நாட்டுச் சட்டத்தில் செல்லாது என்றார் நீதிபதி. அதே காரணத்தால் இந்து, பார்ஸி திருமணங்களும் கேள்விக்குள்ளாயின. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்திய மனைவியர் சட்டத்தின் பார்வையில் மனைவியர் அல்லாதவர்களானார்கள்.

காந்தி மற்றப் பெண்களிடம் போராட்டத்தைப் பற்றிப் பேசினாரே தவிர, மனைவியை அழைக்கத் தயங்கினார். அதைக் கேட்டுவிட்ட கஸ்தூரிபா, சிறை செல்லத் தனக்கு என்ன தகுதிக் குறைவு என்று அவரிடமே கேட்டுப் போராட்டத்தில் சேர்ந்தார். 1913 செப்டெம்பரில் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து 16 பேர் கொண்ட முதற்குழு எல்லை தாண்டியது. அதில் நான்கு பெண்கள். கஸ்தூரிபாவுக்கு மூன்று மாதக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து எலும்பும் தோலுமாகத்தான் வெளியே வந்தார். அதே போராட்டத்தில் சிறை சென்று காய்ச்சலோடு திரும்பியவர் தில்லையாடி வள்ளியம்மை. 1914 பெப்ரவரி 22ஆம் திகதி, 16 வயதில் அவர் இறந்துபோனார். என்னைவிட ஒரு வயது இளையவர். அந்த ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அவர்களின் திருமணங்களை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தத் தொழிலாளரை வாட்டிய 3 பவுண் வரியும் நீங்கியது.

எங்கோ ஒரு முஸ்லிம் பெண்ணின் நிக்காஹ் செல்லாது என்றதற்காக, வாசிக்க எழுதப் பெரிதாகப் பழகாத ஓர் இந்துப் பெண் கல்லுடைக்கிற தண்டனைக்கும் துணிந்தார் என்பதை உம்மும்மாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. தஸ்பீஹ் மணியை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தார்.

1915இல் கஸ்தூரிபா இந்தியா திரும்பினார். 1917இல் பீகாரின் சம்பாரண் மாவட்டத்துக் கிராமங்களில் தங்கி, பெண்களிடம் சுத்தத்தைப் பற்றிப் பேசினார். அழுக்குச் சேலை கட்டியிருந்த பெண்களிடம் அதைத் துவைக்கச் சொன்னபோது, ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துப்போய்க் காட்டினாள். உடுத்தியிருந்த சேலையைத் தவிர வேறு துணியே அங்கு இல்லை. அறிவுரை சொல்லும் முன் அவர்களின் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் குடிசை கற்றுத் தந்தது.

1927 நவம்பரில் காந்தியோடு கஸ்தூரிபா இலங்கைக்கும் வந்தார். கொழும்பு, யாழ்ப்பாணம் மட்டுமல்ல, கண்டி, பதுளை என்று எங்கள் மலைநாட்டுக்கும் வந்தார்கள். குடியை விடுங்கள் என்று காந்தி தோட்டத் தொழிலாளரைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பயணத்தில் ஒரு கூட்டத்தில், வரவேற்றுப் பேசிய ஒருவர் கஸ்தூரிபாவைக் காந்தியின் தாய் என்று தவறாகச் சொல்லிவிட்டார். காந்தி கோபிக்கவில்லை. சில வருடங்களாக அவர் தனக்குத் தாயைப் போலத்தான் இருக்கிறார் என்று சிரித்தபடி ஏற்றுக்கொண்டார்.

அந்த நாட்களில்தான் காந்தியின் சுயசரிதை வாராவாரம் அவருடைய பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. 1925இல் தொடங்கிய அந்தத் தொடர் 1929 வரை நீண்டது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று டர்பனில் மூடிய கேட்டை, காந்தி அதில் நாட்டு மக்கள் எல்லோருக்கும் முன்னால் தன் கையாலேயே திறந்து காட்டினார். வெட்கப்பட வேண்டியவள் அவளல்ல, நான்தான் என்று ஒரு கணவன் ஒப்புக்கொண்டது அது. அகிம்சையின் பாடத்தைத் தன் மனைவியிடமே கற்றதாகவும் அவர் பின்னர் சொன்னார்.

இந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். கஸ்தூரிபா பொறுமையின் சிகரம், அதனால்தான் கணவன் திருந்தினார் என்று பேசுவோர் உண்டு. அந்தப் பேச்சை நம்பி, தானும் பொறுத்திருந்தால் தன் கணவனும் ஒருநாள் மகாத்மா ஆகிவிடுவான் என்று எந்தப் பெண்ணும் காத்திருக்க வேண்டியதில்லை. கஸ்தூரிபா பேசாமல் பொறுத்தவரல்ல. கோயிலுக்குப் போவதிலும், மாலைக்காக வாதிட்டதிலும், கேட்டருகே நின்றபோதும் எதிர்த்துக் கேட்டவர். நம் ஊரில் அதற்குப் பெயர் வாய் நீளம்.

1942 ஓகஸ்ட் 9ஆம் திகதி காந்தி கைதானார். அன்று மாலை பம்பாயில் அவர் பேசவிருந்த கூட்டத்தில் தான் பேசப் போவதாக அறிவித்த கஸ்தூரிபாவும் கைதானார். இருவரும் பூனாவில் ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டார்கள். எழுபது வயது கடந்தும் அங்கே அவர் கணவனிடம் பாடம் படித்தார். நோயோடு போராடி, 1944 பெப்ரவரி 22ஆம் திகதி அந்தச் சிறையிலேயே இறந்தார். வள்ளியம்மை இறந்து சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, அதே திகதியில். அவர் பெயரில் திரட்டிய நிதி, கிராமத்துப் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பாடுபடும் நிதியமாக 1945இல் உருவெடுத்தது.

நமக்கு இதைச் சொல்லித்தர வெளியே போக வேண்டிய அவசியமும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் ஒருபோதும் தம் கையால் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மத்ரஸாவில் சின்ன வயதிலேயே படித்தோம். பீலிக்கரைக்கு வரும்போதுதான் மறந்துவிடுகிறோம்.

நாட்டின் சட்டமும் மறக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, அடிபடும் பெண் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளுக்காகப் பொலிஸ் அதிகாரி ஒருவரும் விண்ணப்பிக்கலாம். 1938 என்ற எண்ணுக்கு அழைத்தால் பெண்களுக்கான உதவிச் சேவை கிடைக்கும். 2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று தெரியவந்தது. நம் வகுப்பில் ஐந்து பேரின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். யாருடையது என்று கேட்க வேண்டாம். எண்ணிப் பாருங்கள், போதும்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, இஷாவுக்குப் பிறகு வீட்டில் வாசித்துக் காட்டினேன். வெளியே மழை. கேட்டருகே கஸ்தூரிபா நின்ற இடம் வந்தபோது உம்மா குசினிக்குள் எழுந்து போய்விட்டார். முடியும் வரை வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்தார். இந்த முறை கை வீங்கியிருந்தது. எங்கே விழுந்தாய் என்று உம்மா வழக்கம்போல் கேட்கவில்லை. அவரை உட்கார வைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, எந்த இரவானாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வா என்று மட்டும் சொன்னார். அக்கா ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணீர் ஆறும் வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு வாப்பா வழக்கம்போல் பூட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். பூட்ட வேண்டாம், கொக்கியை மட்டும் போட்டுவிட்டு வாருங்கள் என்றார் உம்மா. ஏன் என்று வாப்பா கேட்கவில்லை. உம்மும்மாதான் பாயில் படுத்தபடி, கள்ளர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அக்கா இன்னும் ஓர் இரவும் வரவில்லை. கேட்டும் இன்னும் பூட்டப்படவில்லை.